விலைக்குப் பின்னால் ஒரு மெல்லிய நிறம்

பங்குச் சந்தை சார்ட்டைத் திறந்ததும் எல்லோருடைய கண்ணும் போவது கேண்டில்கள்மேல்தான். அவற்றுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கட்டக் கோடுகளையோ, சில இடங்களில் பட்டை பட்டையாகப் பூசியிருக்கும் வெளிர் நிறத்தையோ யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. மென்பொருளோடு வந்த அமைப்பு அப்படியே பல வருடம் கிடக்கும். இல்லையென்றால், ‘பார்க்க அழகாக இருக்கட்டும்’ என்று ஒரு நாள் மாற்றப்படும். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. விலை எவ்வளவு ஏறியது, எப்போது ஏறியது, எந்த இடத்தில் நின்றது என்று கண் எடுக்கும் முடிவுகளில் அந்தப் பின்புலத்துக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. அதை எந்த அளவில் வைப்பது என்பதற்கு, மனிதப் பார்வையை ஆராய்ந்தவர்கள் எண்ணிக்கையோடு விடை சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டங்கள் கணினியோடு வந்தவை அல்ல. 1786-ல் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர், இங்கிலாந்தின் வணிகக் கணக்குகளைக் கோட்டுப் படங்களாக வரைந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். நாடு நாடாக ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு. டென்மார்க், நார்வேயுடன் நடந்த வணிகத்தைக் காட்டும் படத்தில் கீழ்விளிம்பு ஆண்டுகளாகவும், பக்கவிளிம்பு பத்தாயிரம் பவுண்டுகளாகவும் பிரிக்கப்பட்டு, பின்னால் கட்டக் கோடுகள் ஓடுகின்றன. இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள பரப்புக்குக் கையால் நிறம் தீட்டினார்கள்: வணிக நிலுவை இங்கிலாந்துக்குப் பாதகமாக இருந்த காலத்துக்கு ஒரு நிறம், சாதகமாக இருந்த காலத்துக்கு இன்னொரு நிறம். இன்றைய டிரேடிங் மென்பொருளில் இரண்டு சராசரிக் கோடுகளுக்கு நடுவே பச்சையும் சிவப்பும் நிரப்புகிறோமே, அதன் மூதாதை இதுதான். கட்டத்தை அளப்பதற்கும் நிறத்தைப் பொருள் சொல்வதற்கும் என்று பிளேஃபேர் பிரித்து வைத்த வேலை இன்றைக்கும் செல்லும்.

அளக்கும் வேலையை முதலில் எடுத்துக்கொள்வோம். நம்மூரில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு எழுதிய எல்லோருக்கும் வரைபடத்தாள் தெரியும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தடித்த கோடு, நடுவே மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடு. புள்ளியை வைத்ததும் அது எந்தத் தடித்த கோட்டிலிருந்து எத்தனை சிறு கோடு தள்ளி இருக்கிறது என்று எண்ணிவிடலாம். கோடில்லாத வெள்ளைத்தாளில் அதே புள்ளியின் உயரத்தைக் கண்ணால் சொல்லச் சொன்னால் திணறுவோம்.

இந்தத் திணறலுக்குக் காரணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. எர்ன்ஸ்ட் வெபர் என்ற ஜெர்மன் ஆய்வாளர், இரண்டு அளவுகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம் நமக்குப் புலப்படுவது அந்த வித்தியாசத்தின் அளவைப் பொறுத்தது அல்ல, மொத்த அளவில் அது எத்தனை பங்கு என்பதைப் பொறுத்தது என்று கண்டார். 1984-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கில்லும் இதை வரைபடங்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள். கிட்டத்தட்ட ஒரே உயரமுள்ள இரண்டு பட்டைகளை வெறுமனே வைத்தால் எது உயரம் என்று சொல்வது கடினம். இரண்டையும் ஒரே அளவுள்ள சட்டகங்களுக்குள் வைத்தால், மேலே மிஞ்சியிருக்கும் வெற்றிடத்தைக் கண் ஒப்பிடத் தொடங்குகிறது. சிறிய அளவுகளுக்கு இடையே வித்தியாசம் சட்டென்று தெரியும்.

நிஃப்டி சார்ட்டில் இதையே பார்க்கலாம். ஒரு கேண்டில் 24,983-ல் முடிகிறது, சற்றுத் தள்ளி இன்னொன்று 24,987-ல் முடிகிறது. பின்னால் எந்தக் கோடும் இல்லையென்றால் இரண்டும் ஒரே உயரம் என்றுதான் தோன்றும். 25,000-ல் ஒரு கோடு இருந்தால், கண் பார்ப்பது மீதமிருக்கும் இடைவெளியை: 17 புள்ளி, 13 புள்ளி. நெருக்கமாக விரித்து வைத்த சார்ட்டில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ‘சார்ட் சுத்தமாக இருக்கட்டும்’ என்று கட்டத்தை முழுக்க அணைத்துவிடுபவர்கள் இழப்பது இந்தத் துல்லியத்தைத்தான். மெட்டாடிரேடர் மென்பொருளில் கன்ட்ரோல் பொத்தானோடு ஜி எழுத்தை அழுத்தினால் கட்டம் மறையும், மறுபடி அழுத்தினால் வரும். இரண்டு நிலையிலும் ஒரே கேண்டிலின் விலையை ஊகித்து, பிறகு உண்மை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டம் வேண்டும், சரி. எவ்வளவு அழுத்தமாக? கோடு போட்ட நோட்டில் எழுதும்போது கோடு கையை நேராக நடத்தும். எழுதியதைப் படிக்கும்போது அது கண்ணில் படாது. அந்த அளவுதான் சார்ட்டுக்கும் தேவை. தரவுப் படங்களைப் பற்றி 1983-ல் புத்தகம் எழுதிய எட்வர்ட் டஃப்டி, கட்டக் கோட்டைக் கறுப்பில் போடாமல் சாம்பல் நிறத்துக்கு இறக்கச் சொன்னார். ‘எவ்வளவு சாம்பல்’ என்பதை ஆய்வாக எடுத்துக்கொண்டவர்கள் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் பார்ட்ரமும், வண்ண ஆய்வாளர் மொரீன் ஸ்டோனும். பல படங்கள்மேல் கட்டத்தை வைத்து, அதன் அடர்வைப் பங்கேற்பாளர்களையே கூட்டிக் குறைக்கச் சொன்னார்கள். பயன்படும் அளவுக்குத் தெரிய வேண்டும் என்பது கீழ் எல்லை. தொந்தரவாக மாறும் இடம் மேல் எல்லை. ஆளுக்கு ஆள் எல்லைகள் மாறினாலும், கறுப்புக் கோட்டை 20 சதவீத அடர்வில் வைத்தால் பெரும்பாலானோருக்கும் பெரும்பாலான படங்களுக்கும் ஒத்துவருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இந்த 20 சதவீதத்தைத் திரையில் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. திரையில் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரையுள்ள எண். வெள்ளை 255, கறுப்பு 0. வெள்ளைமேல் கறுப்புக் கோட்டை 20 சதவீத அடர்வில் வைத்தால் கிடைப்பது 255-ல் 80 சதவீதம், அதாவது 204. இப்படி ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றை விகிதப்படி கலக்கும் கணக்கை 1984-ல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் ஒழுங்குபடுத்தினார்கள். சார்ட் மென்பொருள்களும் அந்த வழியில்தான் நிறம் கலக்கின்றன. இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதிகளில் வரும் சூத்திரத்தின்படி, வெள்ளைக்கும் இந்த 204 சாம்பலுக்கும் உள்ள ஒளிர்வு விகிதம் சுமார் 1.6. படிக்க வேண்டிய எழுத்துக்கு அதே விதிகள் கேட்பது குறைந்தது 4.5. எழுத்து வாசிப்பதற்கு, கட்டம் வழிகாட்டுவதற்கு. இரண்டுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கத்தான் வேண்டும். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோட்டை அதே 20 சதவீதத்தில் வைத்தாலும் விகிதம் 1.66 வருகிறது. ஆகவே இருட்டுத் திரைக்காரர்களும் இதிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. டிரேடிங்வியூவின் செட்டிங்ஸில் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்பது ஒபாசிட்டி, அதாவது அடர்வு. அதே தளத்தின் பைன் ஸ்கிரிப்டில் நிறத்தை எழுதும்போது கொடுக்க வேண்டியது அதற்கு நேரெதிர், எவ்வளவு தூரம் ஊடுருவித் தெரிய வேண்டும் என்ற எண். அங்கே 0 என்றால் முழு நிறம், 100 என்றால் ஒன்றுமே தெரியாது. 20 சதவீத அடர்வு வேண்டுமென்றால் ஸ்கிரிப்டில் 80 என்று எழுத வேண்டும். பின்புலம் முழுவதும் அடர்நிறமாகிக் கேண்டில்கள் அதில் மூழ்கிப்போவதற்குப் பல சமயம் காரணம் இந்த ஒரு எண்தான்.

கோட்டை விட்டுப் பட்டைக்கு வருவோம். பரப்பாக நிறம் பூசும்போது கண்ணின் வேறொரு இயல்பு குறுக்கே வருகிறது. பாரிஸில் கோபெலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷெல் யூஜென் செவ்ரலிடம், கறுப்பு நூல் வெளிறிப்போகிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதால்தான் அந்தக் கறுப்பு சோகையாகத் தெரிந்தது. 1839-ல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். எந்த நிறமும் தன் பக்கத்து நிறத்தைப் பொறுத்தே கண்ணுக்குத் தெரிகிறது. ஏறுமுகம் என்று வெளிர்பச்சையும் இறங்குமுகம் என்று வெளிர்சிவப்பும் பின்னால் பூசினால், ஒரே பச்சைக் கேண்டில் பச்சைப் பட்டையில் மங்கலாகவும் சிவப்புப் பட்டையில் துடிப்பாகவும் தெரியும். இறங்குமுகத்தில் வரும் ஒரு சின்ன ஏற்றம் அதற்குத் தகுதியில்லாத கவனத்தை வாங்கிவிடும். கேண்டிலின் நிறத்தைப் பின்புலத்துக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இது. நீலச் சாயலும் சாம்பல் சாயலும் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு இருக்கிறது. பெண்களில் அரை சதவீதம். மற்ற மக்களிடையே இந்த விகிதம் மாறும், ஆனால் எங்கும் இல்லாமல் இல்லை. அழுத்தமான கேண்டிலில் சமாளித்துக்கொள்பவர்களும் 10 சதவீத அடர்வுள்ள வெளிர்பச்சையையும் வெளிர்சிவப்பையும் பிரிக்க முடியாமல் போகலாம். சிவப்பு, பச்சை என்பதன் பொருளே நாட்டுக்கு நாடு வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: சீனச் சந்தைத் திரையில் சிவப்பு ஏற்றம், பச்சை இறக்கம்.

மேலிருந்து கீழாக நிறம் மெல்ல மாறும் கிரேடியன்ட் பின்புலம் இப்போது பரவலாக இருக்கிறது. விலையை அளக்க வேண்டிய திரையில் அதற்கு இடமே இல்லை என்பேன். இருட்டுப் பின்புலம் 19-லிருந்து 30 வரை மாறுகிறது என்று வையுங்கள். இடையில் இருப்பது மொத்தம் 12 படிகள். 1,080 பிக்சல் உயரத் திரையில் ஒவ்வொரு படியும் 90 பிக்சல் அகலப் பட்டையாக விழும். 1865-ல் எர்ன்ஸ்ட் மாக் விவரித்த ஒரு விளைவு இங்கே வேலை செய்கிறது: வெளிச்சம் மாறும் எல்லைகளில், வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாகவும் இருட்டுப் பக்கத்தை இன்னும் இருட்டாகவும் கண் மிகைப்படுத்தும். படிகளின் விளிம்புகள் இதனால் மங்கலான கிடைக்கோடுகள்போல் எழுந்து நிற்கும். சப்போர்ட்டும் ரெசிஸ்டன்ஸும் தேடிக்கொண்டிருக்கும் கண்ணுக்கு முன்னால், எந்த விலையோடும் தொடர்பில்லாத கோடுகள்! இதோடு, கட்டக் கோட்டின் அடர்வு ஒன்றாகவே இருந்தாலும் பின்புலம் மாறுவதால் ஓரிடத்தில் அது அழுத்தமாகவும் இன்னோரிடத்தில் மெலிந்தும் தெரியலாம். ஒரே நிறப் பின்புலம் எவ்வளவோ மேல்.

சில கட்டக் கோடுகள் மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாகத் தெரிவதைச் சிலர் கவனித்திருக்கலாம். அது பெரும்பாலும் வரையும் முறையின் கோளாறு. உலாவியில் ஒரு பிக்சல் கோட்டை முழு எண் இடத்தில் வரைந்தால், அது இரண்டு பிக்சல்களின் எல்லைமேல் விழுந்து, இரண்டிலும் அரைகுறை நிறமாகப் பரவும். அரைப் பிக்சல் தள்ளி வரைந்தால்தான் கூர்மையாக வரும். நல்ல மென்பொருள் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இனி நிறம் பொருள் சொல்லும் இடம். பின்புல நிறத்துக்கு மிகத் தகுந்த வேலை நேரத்தைப் பிரித்துக் காட்டுவது. தேசியப் பங்குச் சந்தையின் வணிக நேரம் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, 375 நிமிடம். 5 நிமிட சார்ட்டில் 75 கேண்டில், 15 நிமிட சார்ட்டில் 25. மணிக்கணக்குச் சார்ட்டுக்குப் போனால் கணக்கு இடிக்கிறது. 9.15-ல் தொடங்கி ஆறு முழு மணி நேரம் போனபின் மிஞ்சுவது 3.15 முதல் 3.30 வரை 15 நிமிடம். ஏழாவது கேண்டிலின் ஆயுள் மற்றவற்றில் கால்வாசிதான். அதன் உடல் சிறியதாக இருப்பதைப் பார்த்துச் சந்தை ஓய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால் தவறு. அந்த ஒரு கேண்டிலுக்குப் பின்னால் மட்டும் ஒரு மெல்லிய சாம்பல் பட்டை ஓடட்டும். அளவுகோல் இங்கே வேறு என்று அது ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே இருக்கும். பைன் ஸ்கிரிப்டில் இதற்கு ஒரே வரி போதும். பின்புல நிறத்துக்கான கட்டளை ஒரு கேண்டிலின் அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை நிறம் பூசும். நேரத்தை நிபந்தனையாகக் கொடுத்தால் முடிந்தது.

வெளிநாட்டுச் சந்தையைக் குறிக்கும்போதுதான் சிக்கல். நியூயார்க் பங்குச் சந்தை திறப்பது அங்கே காலை 9.30. அமெரிக்காவில் கோடை நேரம் நடக்கும்போது அது நமக்கு இரவு 7 மணி. மற்ற மாதங்களில் இரவு 8. மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும் நடக்கும். லண்டன் தன் கடிகாரத்தை மாற்றுவது மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில். ஆகவே வருடத்தில் சில வாரங்கள் இரண்டுக்கும் உள்ள இடைவெளியே மாறிவிடுகிறது. இந்திய நேரத்தை நிலையாக எழுதி வைத்த பட்டை, வருடத்தில் பல மாதம் ஒரு மணி நேரம் தள்ளி நிற்கும். அந்தந்த ஊரின் நேர மண்டலத்தையே ஸ்கிரிப்டில் குறிப்பிட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் நேரத்தையும் கவனியுங்கள். 10 சதவீதப் பட்டைகள் இரண்டு சேர்ந்தால் 19 சதவீதம், மூன்று சேர்ந்தால் 27. பார்ப்பவர் அதை நீங்கள் சொல்லாத மூன்றாவது செய்தியாக எடுத்துக்கொள்வார். சேரும் நேரத்துக்குத் தனி நிபந்தனை எழுதித் தனி நிறம் கொடுப்பதே நேர்மை.

கிடைப்பட்டைகளில் வேறொரு கேள்வி: கோடு எந்த விலையில் விழ வேண்டும்? மென்பொருள் தானாகப் போடும்போது வழக்கமாக 1, 2, 5 அல்லது அவற்றின் பத்து மடங்குகளில் ஒன்றை இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். திரையில் தெரிவது 430 புள்ளி, எட்டுக் கோடு வேண்டும் என்றால் வகுத்து வரும் 53.75-ஐ 50 ஆக்கிக்கொள்ளும். கொஞ்சம் விரித்தால் 20, சுருக்கினால் 100. சந்தை திடீரென்று ஏறி அளவு தானாக மாறினாலும் இடைவெளி மாறிவிடும். காலையில் இரண்டு கட்டம் ஏறிய விலையும் மாலையில் இரண்டு கட்டம் ஏறிய விலையும் ஒரே ஏற்றம் அல்ல. நிஃப்டி ஆப்ஷனில் ஸ்ட்ரைக் விலைகள் 50 புள்ளிக்கு ஒன்று. ஆகவே ஒவ்வொரு 100 புள்ளிக்கும் ஒன்றுவிட்டு ஒன்றாக நிலையான வெளிர்பட்டை பூசிக்கொண்டால், திரையை எப்படி விரித்தாலும் ஒரு பட்டை என்பது 100 புள்ளியாகவே இருக்கும். முழு எண்களுக்குச் சந்தையில் உண்மையிலேயே எடை இருக்கிறது. அந்நியச் செலாவணி ஆணைகளை ஆராய்ந்த கரோல் ஓஸ்லர், ஸ்டாப் லாஸும் லாபம் எடுக்கும் ஆணைகளும் முழு எண்களையொட்டிக் குவிவதை 2003-ல் வெளியான கட்டுரையில் காட்டினார்.

நீண்ட கால சார்ட்டில் சம இடைவெளிக் கட்டமே தவறாக வழிநடத்தும். சென்செக்ஸின் அடிப்படை ஆண்டு 1978-79, அடிப்படை மதிப்பு 100. அது 1,000-ஐத் தொட்டது 1990-ல், 10,000-ஐத் தொட்டது 2006-ல். இரண்டும் பத்து மடங்கு வளர்ச்சி. சாதாரண அளவுகோலில் முதல் பத்து மடங்கு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும், இரண்டாவது மலையாக எழும். மடக்கை அளவுகோலில் இரண்டும் ஒரே உயரம். பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1917-லேயே இந்த விகித வரைபடத்துக்காக வாதாடினார். பத்து வருடத்துக்கு மேற்பட்ட சார்ட் என்றால் மடக்கைக் கட்டத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து நிறத்தின் அளவில் இல்லை, நிறம் எப்போது முடிவானது என்பதில் இருக்கிறது. செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி வெளியிடும் பொருளாதார வரைபடங்களில் அமெரிக்க மந்தநிலைக் காலங்கள் சாம்பல் பட்டைகளாக இருக்கும். 2007 டிசம்பரில் தொடங்கும் பட்டையைப் பார்த்தால், லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்த 2008 செப்டம்பர் அதன் நடுவே வருகிறது. ‘ஒன்பது மாதமாக மந்தநிலை, யாருக்கும் தெரியவில்லையா?’ என்று கேட்கத் தோன்றும். மந்தநிலை 2007 டிசம்பரில் தொடங்கியது என்று அதற்குரிய குழு அறிவித்ததே 2008 டிசம்பர் 1-ல்தான். அது 2009 ஜூனில் முடிந்தது என்ற அறிவிப்பு வந்தது 2010 செப்டம்பரில். லேமன் விழுந்த அன்று எந்த வரைபடத்திலும் அந்தச் சாம்பல் பட்டை இல்லை.

டிரேடிங் ஸ்கிரிப்டுகளில் இதே விஷயம் யாருக்கும் தெரியாமல் நடக்கும். வார டிரெண்டைத் தினசரி சார்ட்டின் பின்னால் பூசும் ஸ்கிரிப்டைக் கவனமில்லாமல் எழுதினால், வெள்ளிக்கிழமை முடிவு விலையை வைத்துத் தீர்மானித்த பச்சை, பழைய சார்ட்டில் திங்கள்கிழமையிலிருந்தே விரிந்திருக்கும். பச்சையில் வாங்கி சிவப்பில் விற்றால் தோல்வியே இல்லை என்று கடந்த காலம் முழுவதும் காட்டும். நேரடிச் சந்தையில் அந்தப் பச்சை வெள்ளி மாலை வரை வராது. அல்லது வந்து வந்து மறையும். இதை நம்பிப் பணம் போடுபவர்கள் பெரும்பாலும் புதியவர்கள், அதுதான் கவலை. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் இழந்தார்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. பின்புல நிறம் எதையும் முன்கூட்டிச் சொல்லாது.

யாராவது நிறம் பூசும் ஸ்கிரிப்ட் ஒன்றைத் தந்தால், அல்லது விற்றால், பணம் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டிரேடிங்வியூவில் ரீப்ளே வசதியை இயக்கி, பழைய தேதிக்குப் போய், ஒவ்வொரு கேண்டிலாக முன்னே நகர்த்துங்கள். முழு சார்ட்டில் ஒரு பட்டை தொடங்கும் கேண்டிலையும், ரீப்ளேயில் அது முதன்முதலில் தோன்றும் கேண்டிலையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ஸ்கிரிப்டைச் சில நாள் நேரடிச் சந்தையிலும் ஓடவிட்டு, பூசிய நிறம் மறுநாளும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது பிசகினாலும் அந்த ஸ்கிரிப்டை நீக்கிவிடுங்கள்.